கிழக்குச் சுவரின் ஈரம்

அந்த வீட்டின் மாடிக் குளியலறைத் தரையை உடைக்கச் சொன்னது நான்தான். உடைத்துப் பார்த்தபோது உள்ளே ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை. இந்த வேலைக்கு வந்த பிறகு எத்தனையோ கட்டடங்களுக்குள் போய் வந்துவிட்டேன். சரியாகக் கண்டுபிடித்ததில் பாதி மறந்துவிட்டது. அந்த உடைந்த தரை மட்டும் ஓடு ஓடாக நினைவிருக்கிறது.

தெர்மல் கேமராவை வைத்துக் கட்டடங்களில் கண்ணுக்குத் தெரியாத கோளாறுகளைத் தேடுவது என் வேலை. அதற்கு முன் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் எலெக்ட்ரிகல் பராமரிப்பில் ஆறு வருடம் இருந்தேன். இந்தக் கேமராவை முதலில் கையில் பிடித்தது அங்கேதான். மின்பெட்டிக்குள் ஒரு போல்ட் தளர்ந்திருந்தால் அந்த இடம் சூடாகும். கேமராத் திரையில் அது மட்டும் மஞ்சளாக எரியும். லைனை நிறுத்தி, முறுக்கிவிட்டால் வேலை முடிந்தது. பிறகு என்னோடு வேலை பார்த்த ஒருவர் வெளியே வந்து சின்னதாகக் கம்பெனி ஆரம்பித்தபோது நானும் கூடவே போனேன். மொத்தம் மூன்று பேர், ஒரு கேமரா. தொழிற்சாலைக் கூரை, குளிர்சாதனக் கிடங்கு, அடுக்குமாடி மொட்டைமாடி என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போவோம்.

கேமரா சுவரை ஊடுருவிப் பார்க்கும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். நாட்றாம்பாளையத்தில் இருக்கும் என் அண்ணன்கூட, "செவுத்துக்குள்ள பாம்பு இருந்தா தெரியுமா?" என்று கேட்டான். தெரியாது. கேமராவுக்குத் தெரிவது சுவரின் மேல்தோலில் எந்த இடம் சூடு, எந்த இடம் குளிர்ச்சி என்பது மட்டும்தான். சூடு மஞ்சளாகவும் குளிர்ச்சி கருநீலமாகவும் தெரியும். ஈரமான இடத்தில் நீர் ஆவியாகிக்கொண்டே இருப்பதால் அங்கே கொஞ்சம் குளிர்ந்திருக்கும். அந்தக் கருநீலத்தைப் பார்த்து, இங்கே ஈரம் இருக்கலாம் என்று யூகிக்க வேண்டியது மனிதர்தான். அந்த "இருக்கலாம்" என்ற வார்த்தையை நான் ஒருநாள் விட்டுவிட்டேன்.

வீடு பாகலூரில் இருந்தது. ஓனர் ரோஜா விவசாயி. ஊருக்கு வெளியே ரோட்டை ஒட்டி வீடு, வீட்டுக்குப் பின்னால் வெள்ளைப் பாலித்தீன் போர்த்திய கூடாரமாக அவருடைய பாலிஹவுஸ். மாடியில் அவரும் மனைவியும் இருந்தார்கள். இருவரும் தங்களுக்குள் தெலுங்கு பேசுவார்கள், ரோஜா பறிக்க வருகிறவர்களிடம் கன்னடம், கீழ்வீட்டுக்காரர்களிடம் தமிழ். கீழ்வீட்டில் ஒரு முஸ்லிம் குடும்பம் நான்கு வருடமாக வாடகைக்கு இருந்தது. கணவர், தொழிற்சாலைகள் கழித்துப்போடும், சரக்கு அடுக்குகிற மரப் பேலட்டுகளை வாங்கிச் சரிசெய்து விற்பவர். குருபரப்பள்ளியில் ஹைவே ஓரமாக அவருக்கு ஷெட் இருந்தது. மனைவி வீட்டிலேயே பள்ளிச் சீருடை தைத்துக்கொடுப்பார். பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண் பிள்ளைகள்.

நான் முதலில் போனது டிசம்பரில், ஒரு வெயிலான மத்தியானம். இரண்டு மணி இருக்கும். கீழ்வீட்டுப் படுக்கையறையின் கிழக்குச் சுவரில் தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்குப் பெயின்ட் உப்பி, உரிந்து, வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. கிட்டே போனாலே ஊறிய சாக்கு வாசனை.

"மூணு தடவ பெயின்ட் அடிச்சாச்சுங்க மேடம். மூணு மாசம் தாங்க மாட்டேங்குது," என்றார் ஓனர். "இவங்க துணி தொவைக்கிற கல்லு இந்தச் செவுத்துக்கு வெளிப்பக்கந்தான் இருக்குது. எந்நேரமும் தண்ணி. நான் சொன்னா வருத்தப்படுறாங்க."

கீழ்வீட்டு அக்கா கதவருகே நின்றிருந்தார். தோளில் இஞ்ச் டேப் தொங்கியது. "தொவைக்கிற தண்ணி சரிவுல ஓடிப் போயிருதுங்க," என்றார் என்னைப் பார்த்து. "இதுக்கு நேர் மேலதான் அவங்க பாத்ரூமு இருக்குது. அதையும் பாத்துச் சொல்லுங்க."

இருவரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அதற்கு முந்தின வாரம் ஓனர் அக்காவின் கணவரிடம், "பாய், வசதிப்படலன்னா வேற வீடு பாத்துக்குங்க, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்," என்று சொல்லியிருந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பீரோவில் வைத்திருந்த ஒரு கட்டுச் சீருடைத் துணியில் பூஞ்சை பிடித்துவிட, அக்கா அதையெல்லாம் வேறு துணி எடுத்து மறுபடி தைத்துக் கொடுத்திருந்தார்.

கேமராவைத் தூக்கிச் சுவரைப் பார்த்தேன். ஒரு நொடி பெருமையாக இருந்தது. கீழே ஈரத் திட்டு கருநீலமாகத் தெரிந்தது, அது எதிர்பார்த்ததுதான். அதற்கு மேலே, வெறும் கண்ணுக்கு வெள்ளைச் சுவராகத் தெரிந்த இடத்தில், கூரையின் மூலையிலிருந்து சாய்வாக ஒரு நீலப் பட்டை இறங்கி வந்து அந்தத் திட்டில் முடிந்தது. யாரோ மேலிருந்து ஊற்றிவிட்ட மாதிரி. திரையை இருவருக்கும் காட்டினேன். அக்கா இஞ்ச் டேப்பைக் கழற்றி மடித்துக்கொண்டார்.

ஈரம் பார்க்கிற மீட்டர் ஒன்றும் என்னிடம் இருந்தது. இரண்டு ஊசி முனைகளைச் சுவரில் அழுத்தினால் எவ்வளவு ஈரம் என்று காட்டும். கீழே திட்டில் அழுத்தினேன், முழு ஈரம் என்றது. மேலே பட்டையில் அழுத்தவில்லை. பீரோ வழியில் நின்றது, எட்டவும் இல்லை. ஒரு ஸ்டூல் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

வெளியே வந்து இரும்புப் படிக்கட்டில் ஏறி மாடிக்குப் போனேன். வீட்டின் கிழக்குச் சுவரையொட்டி மூன்றடி தள்ளிச் சாய்வாக ஏறும் படி அது. பட்டை தொடங்கிய மூலைக்கு நேர் மேலே குளியலறையின் குழாய் இருந்தது.

"இங்கதான் பைப்புல லீக்குங்க," என்றேன்.

"நிச்சயமாத் தெரியுமா மேடம்? ஒடச்சா எல்லா டைல்ஸும் போயிரும்."

"நிச்சயமாங்க."

மூன்றாம் நாள் ஓனர் போன் செய்தார். "ஒடச்சாச்சு. வந்து பாத்துட்டுப் போங்க." சத்தம் போட்டிருந்தால்கூட எனக்குப் பயம் குறைந்திருக்கும், அவ்வளவு அமைதியாகச் சொன்னார்.

போனேன். தரையும் சுவரின் கீழ்ப்பாதியும் பெயர்க்கப்பட்டு, ஓடுகள் மூலையில் குவிந்திருந்தன. கொத்தனார் குழாயைச் சுற்றியிருந்த மணலை ஒரு பிடி அள்ளி என் முன்னால் விரல் இடுக்கில் விட்டார். பொலபொலவென்று உதிர்ந்தது. குழாயின் இரண்டு முனையையும் அடைத்து, அழுத்தத்தில் நீர் ஏற்றி, ராத்திரி முழுக்க விட்டுப் பார்த்தும் இறங்கவில்லை என்றார். ஓனர் கைகட்டிக்கொண்டு நின்றார். நான் மன்னிப்புக் கேட்டேன். "சரிங்க" என்றார். அவ்வளவுதான்.

இறங்கி வரும்போது ஓனரின் மனைவி சோப்பு டப்பாவும் துண்டுமாகப் படியில் எனக்கு முன்னால் இறங்கிக்கொண்டிருந்தார். மேலே குளியலறை இல்லாததால் கீழ்வீட்டில் குளிக்கப் போகிறார். அக்கா கதவைத் திறந்துவிட்டு, "தண்ணி காய வெச்சிருக்கேங்க, ஊத்திக்குங்க," என்று சொல்வது கேட்டது. நான் அவசரமாகக் கேட்டைத் தாண்டிப் போனேன்.

கம்பெனியில் நடந்ததைச் சொன்னபோது, "எல்லாருக்கும் ஒருதடவ இப்படி ஆவும். அவருக்குப் பாத்ரூமச் சரி பண்ணித் தந்துருவோம், நீ அத விட்டுரு," என்றார் எங்கள் முதலாளி. நல்ல மனிதர். ஆனால் என்னால் விட முடியவில்லை. குற்ற உணர்ச்சி இருந்தது உண்மை. அதைவிட அதிகமாக ஒரு குடைச்சல் இருந்தது. அன்று எடுத்த படத்தைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தேன். பட்டை அங்கேதான் இருந்தது. கேமராவில் கோளாறு இல்லை. மறுநாள் ஐஸ் தண்ணீரும் கொதித்த தண்ணீரும் வைத்துச் சோதித்துவிட்டேன். அப்படியானால் அந்தச் சுவரில் அந்த இடம் நிஜமாகவே குளிர்ந்திருந்தது. நீர் இல்லாமல் ஒரு சுவர் சாய்வாக எப்படிக் குளிரும்?

ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் முழுக்க அந்தச் சுவரோடு உட்கார வேண்டும் என்று தோன்றியது. ஓனரைக் கேட்கத் தைரியம் இல்லை. அக்காவுக்குப் போன் செய்து தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"எதையும் ஒடைக்க மாட்டீங்கல்ல?" என்றார் அக்கா.

"இல்லக்கா. சும்மா பாக்கத்தான்."

"அப்ப வாங்க. காலைல நாஷ்டாவுக்கே வந்துருங்க."

முதல் பஸ்ஸில் போனேன். பாகலூரில் டிசம்பர் காலை எப்படி இருக்கும் என்று அங்கே வேலைக்குப் போகிறவர்களுக்குத் தெரியும். பஸ்ஸில் எல்லோரும் காதை மூடி மப்ளர் கட்டியிருந்தார்கள். பனி விலகவில்லை. ஆறரைக்கு அக்கா கதவைத் திறந்தார். அவர் கணவர் விடிவதற்கு முன்பே லோடு ஏற்ற ஷெட்டுக்குப் போய்விட்டார். பிள்ளைகள் இருவரும் கம்பளிக்குள் இருந்தார்கள், என்னைப் பார்த்ததும் முகத்தையும் மூடிக்கொண்டார்கள்.

கேமராவைத் தூக்கினேன். சுவரில் பட்டையே இல்லை.

கீழே திட்டு மட்டும் மங்கலாகத் தெரிந்தது. மேலே ஒரே நிறம். லென்ஸைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். இல்லை. எந்தக் குழாயும் மத்தியானத்தில் ஒழுகிவிட்டு விடியற்காலையில் நின்றுவிடாது. அக்காவிடம் ஸ்டூல் வாங்கி ஏறி, அன்றைக்குப் பட்டை இருந்த இடத்தில் மீட்டரை அழுத்தினேன். உலர்ந்த சுவர் என்று காட்டியது. அன்றைக்கே இதைச் செய்திருந்தால் ஒரு குளியலறை பிழைத்திருக்கும்.

அரை மணிக்கு ஒருமுறை படம் எடுக்கலாம் என்று நோட்டில் கோடு போட்டு உட்கார்ந்தேன். அக்கா டீ கொண்டுவந்து வைத்தார். ஏழு மணி வாக்கில் வெளியே எங்கோ மோட்டார் சத்தம் கேட்டது. அக்கா சட்டென்று எழுந்து துணி வாளியைத் தூக்கினார்.

"என்னக்கா அவசரம்?"

"இப்ப விட்டா கெடைக்காதுங்க. த்ரீ ஃபேஸ் கரண்ட் வந்து மோட்டார் போட்டாத்தான் போர் தண்ணி நேரா வரும். வெதுவெதுன்னு இருக்கும். அப்புறம் டேங்க் தண்ணில கைய வெச்சா வெரலு மரத்துப் போவுது."

அவர் பின்னாலேயே போனேன். கிழக்குச் சுவருக்கு வெளியே, இரும்புப் படிக்கட்டின் அடியில் துவைக்கிற கல் இருந்தது. சுற்றிலும் கடப்பாக் கல் பாவியிருந்தார்கள். பக்கத்தில் ஒரு குழாய். அக்கா திறந்ததும் நீரிலிருந்து லேசாக ஆவி எழுந்தது. கையை நீட்டினேன். அந்தக் குளிரில் இதமாக இருந்தது. ஆழ்துளையிலிருந்து வருகிற நீர் வருடம் முழுக்க ஒரே சூடுதான். நமக்குக் குளிர்கிறபோது அது வெதுவெதுப்பாகத் தெரியும். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். எனக்கும் தெரியும். ஆனால் கேமராவைப் பிடித்தவுடன் அதை மறந்துவிடுகிறேன். ஈரம் என்றால் குளிர்ச்சி, நீலம் என்றே தேடிப் பழகிவிட்டேன். பூமிக்குள்ளிருந்து இப்போதுதான் வருகிற நீர் ஒழுகினால், இந்தக் குளிரில் அது நீலமாகத் தெரியாது. மஞ்சளாகத் தெரியும்.

"அக்கா, இன்னிக்கு ஒருநாள் மட்டும் கொஞ்சம் கழிச்சுத் தொவைக்கிறீங்களா?"

அவர் வாளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எவ்ளோ நேரம்?"

"ஒரு மணி நேரம். இந்தத் தரை மேல வேற தண்ணி விழக்கூடாது."

"தண்ணி ஆறிப் போயிரும். சரி, பாருங்க," என்று குழாயை மூடிவிட்டு, முந்தானையைப் போர்த்திக்கொண்டு படியில் உட்கார்ந்தார்.

கேமராவைத் தரைப் பக்கம் திருப்பிப் பிடித்தேன். கல்லெல்லாம் ஒரே கருநீலம். ஐந்து நிமிடம் ஒன்றுமில்லை. பத்து நிமிடம் ஆனது. மாடிக் கைப்பிடியில் சாய்ந்து ஓனர் எட்டிப் பார்த்தார்.

"என்ன மேடம், இன்னும் என்ன ஒடைக்கணும்?"

"ஒண்ணும் இல்லங்க."

இருபது நிமிடம் இருக்கும். சுவரும் தரையும் சேருகிற இடத்தில், இரண்டு கல்லுக்கு நடுவில் இருந்த இடுக்கு, நூல் மாதிரி ஊதாவாக மாறியது. பிறகு சிவப்பு. நான் கேமராவை அசைக்காமல் பிடித்திருந்தேன். கொஞ்சம் கொஞ்சமாகச் சிவப்பு மஞ்சளாகி, சுவரின் அடிப்பக்கம் ஒரு ஜாண் உயரத்துக்குப் பரவியது. சரியாக, உள்ளே அந்தத் திட்டு இருக்கும் இடத்துக்கு நேராக. கண்ணுக்கு அங்கே ஒன்றுமே தெரியவில்லை. எப்போதும் துணி துவைக்கிற இடம். ஈரமாகத் தெரிந்தாலும் யாரும் ஏன் என்று கேட்டிருக்க மாட்டார்கள்.

அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் திரையையும் தரையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு அந்தக் கல்லின் மேல் பாதத்தை வைத்தார். பக்கத்துக் கல்லில் வைத்தார். மறுபடி இந்தக் கல்லில்.

"இது சூடா இருக்குது," என்றார் மெதுவாக. "நெசமாவே சூடா இருக்குதுங்க."

ஓனரைக் கீழே வரச் சொன்னேன். முதல் தடவை அவ்வளவு நிச்சயமாகப் பேசியவள் இப்போது, "இருக்கலாம்னு தோணுதுங்க," என்றேன். "இந்தப் பக்கம் தரைக்கடியில ஏதாவது பைப் போவுதுங்களா?"

"இங்க ஒண்ணும் கெடையாது," என்றார் உடனே.

மேலிருந்து அவர் மனைவி தெலுங்கில் ஏதோ சொன்னார். ஓனர் பதிலுக்கு ஏதோ சத்தமாகச் சொன்னார். அந்த அம்மா விடவில்லை. துண்டை உதறிப் போட்டுவிட்டுக் கீழே இறங்கி வந்து எனக்காகத் தமிழில் சொன்னார்: "படி வெக்கறதுக்கு முன்னாடி இங்கதானே குழி எடுத்தாங்க? பாலிஹவுஸுக்கு லைன் போட்டது இந்த வழியாத்தான். நான்தானே அன்னிக்கு ஆளுங்களுக்குச் சோறு போட்டேன்."

ஓனர் தாடையைச் சொறிந்தார். "அது தள்ளிப் போவுதுன்னு நெனச்சேன்," என்றார்.

மோட்டாரை நிறுத்திப் பார்க்கலாமா என்று கேட்டேன். ரோஜாவுக்கு நீர் விடும் நேரம் என்று முனகிக்கொண்டே போய் நிறுத்தினார். நாங்கள் மூன்று பெண்களும் ஒரு சின்னத் திரைக்கு மேல் தலையை முட்டிக்கொண்டு நின்றோம். மஞ்சள் மெல்ல மெல்ல மங்கிச் சிவப்பானது. மறுபடி போடச் சொன்னேன். மறுபடி மஞ்சள் ஏறியது. மேல்வீட்டு அம்மா, "ஐயோ, பாரேன்!" என்று அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

கடப்பாரையை ஓனர் தானே எடுத்து வந்தார். யாரையும் கூப்பிடவில்லை. அந்த ஒரு கல்லை நெம்பித் தூக்கியதும் அடியில் மண் கூழாக இருந்தது. கையாலேயே வழித்து எடுத்தார். அரையடிகூடத் தோண்டவில்லை, குழாய் தெரிந்தது. அது வளைந்து திரும்பும் இடத்தில் எல்போ மூட்டிலிருந்து நீர் மெல்லிய விசிறியாகச் சுவரைப் பார்த்துப் பீய்ச்சிக்கொண்டிருந்தது. மோட்டார் ஓடுகிற நேரத்தில் மட்டும், ஒவ்வொரு நாளும், எத்தனை வருடமாகவோ.

ஓனர் குழிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "இந்த எல்போவ நான்தான் ஒட்டுனேன்," என்றார். "பிளம்பர் பசிக்குதுன்னு சாப்பிடப் போயிட்டான். இதுக்கு எதுக்கு அவன்னு நானே சொல்யூஷன் தடவி ஒட்டுனேன்."

அக்கா வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

எனக்கு ஒரு கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. இன்னொன்று அப்படியே இருந்தது. அந்தச் சாய்வுப் பட்டை என்ன? குழிக்கருகில் நின்று நிமிர்ந்தபோது பனி முழுக்க விலகி, வெயில் கிழக்குச் சுவரில் நேராக அடித்துக்கொண்டிருந்தது. மணி ஒன்பதைத் தாண்டியிருக்கும். சுவரில், மேல் மூலையிலிருந்து கீழ்வரை சாய்வாக, படிக்கட்டின் நிழல் விழுந்திருந்தது.

நான் வாய்விட்டே ஏதோ சொல்லியிருக்க வேண்டும். மேல்வீட்டு அம்மா, "என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

"இருங்கம்மா, மத்தியானம் வரைக்கும் பொறுங்க. சொல்றேன்."

அன்று மத்தியானம் வரை நான் செய்ததெல்லாம் உள்ளேயும் வெளியேயும் நடந்ததுதான். வெளியே நிழல் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியது. பதினொன்றரைக்கு மேல் சுவரை விட்டே போய்விட்டது. உள்ளே அப்போதுதான் பட்டை தோன்ற ஆரம்பித்தது. வெயில் பட்ட இடம் சூடாகி, அந்தச் சூடு சுவரின் கனத்தைக் கடந்து உள்பக்கம் வந்து சேர மணிக்கணக்கில் ஆகும். நிழல் விழுந்த இடத்தில் கடந்து வர அவ்வளவு சூடு இல்லை. இரண்டு மணிக்கு உள்ளே முழுப் பட்டையும் வந்துவிட்டது. அன்றைக்கு நான் பார்த்த அதே பட்டை. வெளியே நிழலே இல்லாத நேரம். அன்று அந்தப் படியில் ஏறித்தான் மாடிக்குப் போனேன். அதன் நிழலைத்தான் தண்ணீர் என்று சொல்லியிருக்கிறேன்.

எல்லோரையும் கூப்பிட்டு, காலையில் வெளியே எடுத்த நிழலின் படத்தையும் உள்ளே எடுத்த பட்டையின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். ஓனருக்கு இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. அவர் மனைவிக்கு ஒரே தடவையில் புரிந்துவிட்டது.

"நெழலுக்குப் போயா என் பாத்ரூம ஒடச்சீங்க?" என்றார். எனக்கு முகம் எரிந்தது. அடுத்த நொடி அவர் சிரிக்க ஆரம்பித்தார். அடக்க முடியாமல் சிரித்தார். அக்கா வாயைப் பொத்திக்கொண்டார், பிறகு அவரும் சிரித்தார். நான் மட்டும் சிரிக்காமல், "மன்னிச்சுருங்கம்மா," என்று சொல்லிக்கொண்டு நின்றேன். முதல் தடவை கேட்ட மன்னிப்பு கடமைக்குக் கேட்டது. இது அப்படியல்ல.

அக்காவின் கணவர் மூன்று மணிக்கு வந்தார். மினி லாரியை நிறுத்திவிட்டு இறங்கியதும் திறந்து கிடந்த குழியைப் பார்த்து நின்றார். ஓனர் அதற்குள் புது எல்போ வாங்கிவந்து வைத்திருந்தார்.

"பாய்," என்றார் ஓனர். மண் ஒட்டிய கையை வேட்டியில் துடைத்தார். "லீக்கு என்னோட லைன்ல. உங்க மேல ஒண்ணும் இல்ல. அன்னிக்கு வீடு பத்திச் சொன்னத மனசுல வெச்சுக்காதீங்க."

அக்காவின் கணவர் குழியை எட்டிப் பார்த்தார். "இதுக்கு இந்த எல்போ பத்தாதுங்க, பிரஷர் அதிகம். கனமானது வரும், எங்கிட்ட ஷெட்டுல ஒண்ணு கெடக்குது. எடுத்தாரேன்," என்று சொல்லிவிட்டு, டீகூடக் குடிக்காமல் மறுபடி வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார். மனதில் வைத்துக்கொண்டாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. இருட்டுவதற்குள் இருவரும் சேர்ந்து மாட்டிவிட்டார்கள். இந்தத் தடவை பிளம்பரும் கூட இருந்தார்.

அறிக்கை எழுதும்போது முதலாளி நிழல் விஷயத்தை விட்டுவிடலாம் என்றார். "காரணம் கண்டுபிடிச்சாச்சுல்ல, அது போதும்." நான் இரண்டு படத்தையும் நேரத்தோடு சேர்த்து வைத்து, முதல் முடிவு தவறு, சுவரின் வெளிப்பக்கத்தை நான் பார்க்கவில்லை, மேலே மீட்டர் வைக்கவில்லை என்று எழுதினேன். அவர் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். குளியலறைக்கு எங்கள் பொறுப்பிலேயே புது ஓடு பதித்துக் கொடுத்தோம். அதற்குள் மேல்வீட்டு அம்மா பத்துப் பன்னிரண்டு நாள் கீழே குளித்திருந்தார். அந்த நாள்களில் இரண்டு பிளவுஸுக்கு அளவு கொடுத்துவிட்டதாக அக்கா போனில் சொன்னார்.

சுவர் உடனே காயவில்லை. நீர் நின்றால் ஈரமும் போய்விடும் என்று ஓனர் நினைத்தார். வருடக்கணக்கில் குடித்த சுவர் மாதக்கணக்கில்தான் விடும். உப்புப் பூத்த பூச்சைச் சுரண்டி எடுத்து, பீரோவை நகர்த்தி வைத்து, அப்படியே விடச் சொல்லியிருந்தேன். மாதம் ஒருமுறை நானே போய் மீட்டர் வைத்துப் பார்த்தேன். யாரும் கூப்பிட்டுப் போகவில்லை. எவ்வளவு வேகமாகக் காய்கிறது, கீழிருந்தா மேலிருந்தா என்று தெரிந்துகொள்ள ஆசை. ஓரங்களிலிருந்து நடுவை நோக்கிக் காய்ந்தது. ஜனவரியில் பெரிய தட்டு அளவு, பிப்ரவரியில் உள்ளங்கை அளவு.

மார்ச் கடைசியில் போனபோது எங்கே அழுத்தினாலும் உலர்வு என்றே காட்டியது. பெயின்ட் அடிக்கலாம் என்றேன். அதைச் சொல்லியிருக்கவே வேண்டாம். அக்கா இளம்பச்சை என்றார். மேல்வீட்டு அம்மா, வெள்ளைதான் வெளிச்சமாக இருக்கும், தைக்கிறவளுக்கு வெளிச்சம் வேண்டாமா என்றார். ஓனர் படியில் நின்றபடி ரோஸ் கலர் மீதம் இருக்கிறது என்றார். பிள்ளைகள் இருவரும் ஆளுக்கொரு நிறம் சொன்னார்கள். பாதி தெலுங்கும் பாதி தமிழுமாகச் சத்தம் கூடிக்கொண்டே போனது. அக்காவின் கணவர் என்னிடம், "நீங்க என்ன சொல்றீங்க மேடம்?" என்று கேட்டார்.

"எனக்குச் சுவரோட சூடு மட்டும்தாங்க தெரியும்," என்று சொல்லிவிட்டு, கேமராவைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தேன். ஓசூர் பஸ் வருகிற நேரம். கேட்டைச் சாத்தும்போதும் உள்ளே இன்னும் முடிவாகியிருக்கவில்லை.